மின்மினி அக்காவுக்கு ஐந்தருவியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள மின்மினி அக்காவுக்கு,

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் பழக்கடை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். 'ரோஜா' படத்தில் நீங்கள் பாடிய 'சின்னச் சின்ன ஆசை'க்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். அந்தப் படத்துக்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மானுக்கும், அந்தப் பாட்டை எழுதிய வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்தது. உங்களுக்குத் தமிழக அரசின் விருது. எல்லாம் நியாயமாகச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்தன. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி பாக்கி வைத்திருக்கிறோம்.

1992 ஆகஸ்ட் 15 அன்று படம் வந்தது. காஷ்மீரில் ராணுவம் ஒரு தீவிரவாதியைத் துரத்திப் பிடிப்பதில் மணிரத்னம் கதையைத் தொடங்குகிறார். அந்தப் பரபரப்பு அடங்கியதும் திரையில் விடிவது சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்குப் பக்கத்து ஊர், எங்களுக்கு உறவுக்காரர்கள் இருக்கிற ஊர். அன்று திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான். அந்த ஊர்ப் பெண்ணாக மதுபாலா ஓடி வருகிறார், கூடவே உங்கள் குரலும் வருகிறது. துப்பாக்கிக்கு அடுத்தபடியாக அந்தப் படத்தில் நாங்கள் கேட்ட பெரிய ஓசை, ஒரு கிராமத்துப் பெண் தனக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போவது.

பெண்ணின் ஆசையைப் பாடுவது எங்கள் மலைக்குப் புதிதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இதே மண்ணில் திருக்குற்றாலக் குறவஞ்சி செய்தார். அதன் நாயகி வசந்தவல்லி பந்தாடுகிறாள், பவனி வரும் குற்றாலநாதரைப் பார்க்கிறாள், மையல் கொண்டு வாடுகிறாள், குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்து அந்தப் பாடல்களைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். எனக்கும் அது உயிர். ஆனாலும் வசந்தவல்லியின் ஆசைகள் எல்லாம் ஒரே ஆளிடம் போய் முடிகின்றன. அவர் வந்தால்தான் அவளுக்கு வாழ்வு.

நீங்கள் பாடிய பெண் அப்படி இல்லை. அவள் பாட்டில் ஆண் யாருமே இல்லை, அக்கா. வானத்தில் இருப்பதைக் கேட்கிறாள், வயல் சேற்றில் இருப்பதையும் கேட்கிறாள். எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கல்யாணம், மாப்பிள்ளை என்று கதை பிறகு போகிறது. அதற்கு முன்னால் முழுசாக ஒரு பாட்டு அவளுக்கென்றே கிடைத்துவிடுகிறது. வயதுக்கு வந்த பெண்ணிடம் 'உனக்கு என்ன வேணும்?' என்று வீட்டில் யாரும் கேட்காத காலத்தில் இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பாட்டின் அருமை எங்களுக்குத் தெரியும்.

எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் இது வெறும் பட்டியலாகப் போயிருக்கும். குரலில்தான் அது நடந்தது. ரஹ்மானுக்கு அப்போது வயது 25, முதல் படம். கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டிய ஸ்டூடியோவில் வேலை. ஜமைக்காத் தீவில் பிறந்த ரெகே தாளத்தை அடியில் நடக்கவிட்டு, மேலே உங்கள் குரலுக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறார். நீங்கள் அந்த இடத்தை அலங்காரங்களால் நிரப்பவில்லை. கெஞ்சலும் இல்லை, கொஞ்சலும் இல்லை. ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது போல நேராகப் பாடினீர்கள். 'தில் ஹை சோட்டா ஸா' என்று இந்தியிலும் நீங்களே பாடியதால், வடக்கே இருந்தவர்களும் அதே குரலைத்தான் கேட்டார்கள். 2005இல் டைம் இதழ் தேர்ந்தெடுத்த பத்துத் திரையிசைகளில் 'ரோஜா'வும் ஒன்றாக இருந்தது.

இங்கே ஆனி ஆடியில் சீசன். வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். கடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவிந்திருக்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்கள் அருவிக்குப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் பாட்டு எங்கேயாவது ஒரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். கேசட்டில் ஓடியது, சிடியில் ஓடியது, இப்போது செல்போனில் ஓடுகிறது. சூரியகாந்தி பூத்ததும் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய் வீடியோ எடுக்கிற பிள்ளைகளும் இதைத்தான் பின்னால் சேர்க்கிறார்கள். படம் வந்தபோது அவர்கள் பிறக்கவே இல்லை.

உங்கள் கதையை நான் பின்னாளில் உங்கள் பேட்டிகள் வழியாகத்தான் அறிந்தேன். பாட்டு வந்த மறுவருஷமே, 1993இல், லண்டன் மேடையில் உங்கள் குரல் போய்விட்டது என்பதை. நாடே உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது உங்களால் பாட முடியவில்லை. 2015இல் மலையாளத்தில் 'மிலி' படத்துக்கு நீங்கள் மறுபடி பாடியதாகக் கேட்டு எங்கள் கடையில் அன்று எல்லோரிடமும் சொன்னேன். இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் உங்கள் பாட்டு இங்கே ஒரு சீசன்கூட ஓயவில்லை. அதை உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை தாமதமாகவாவது நான் சொல்கிறேன்.

நீங்கள் ஆலுவாப் பக்கத்துக்காரர். எங்கள் சாரலும் உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிறது. அது வந்தால்தான் ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர். எங்கள் பெண்ணுக்கான குரலும் அந்த வழியே வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வேண்டுகோள். ஆனி பிறந்து சாரல் பிடித்ததும் ஒரு முறை குடும்பத்தோடு இங்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. வாரநாளில் விடிகாலை வந்தால் பெண்கள் பக்கம் நிம்மதியாக நின்று குளிக்கலாம். யாரும் உங்களைப் பாடச் சொல்லிக் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். மங்குஸ்தான் கடையில் எடுத்து வைத்திருப்பேன், காசு வாங்க மாட்டேன்.

அன்புடன்,
ஐந்தருவிப் பழக்கடைத் தங்கை