உறைந்த பொத்தானும் குறைந்த கல்லாவும்

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கு சி மொழி எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கே கரையேறவில்லை, இதில் பாயிண்டர் வேறா என்று கிண்டல் வேறு. அவர்களுக்கான பதில்தான் இந்தப் பதிவு. கணினி ஆட்களும் படிக்கலாம். டெபிட், கிரெடிட் என்றதும் ஓடிவிட வேண்டாம், பாயிண்டரை விட அது சுலபம் :-)

எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கல்லாவில் உட்காரும் அக்கா எட்டு வருடமாக அங்கேதான் வேலை. பில் போடும் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதல்ல. அண்ணாச்சியின் உறவுக்காரப் பையன் ஒருவர் கல்லூரியில் படிக்கும்போது சி மொழியில் ஜிடிகே 3 வைத்து எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். பழைய கணினி, லினக்ஸ், ஒரு சின்ன பில் பிரிண்டர். அவ்வளவுதான் மொத்த ஐடி துறையும்.

சில மாதங்களாகக் கல்லா குறைய ஆரம்பித்தது. இரவு கடை அடைக்கும்போது கணினி காட்டும் விற்பனையையும், கையில் இருக்கும் ரொக்கத்தோடு க்யூஆர் வழியாக வந்ததையும் ஒப்பிடுவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இடிக்கும். ஒரு நாள் 180 ரூபாய், இன்னொரு நாள் 640. அண்ணாச்சி மோசமானவர் இல்லை. ஆனாலும் "கம்ப்யூட்டர் கணக்கு பொய் சொல்லுமா தம்பி?" என்பது அவர் கட்சி. இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அடுத்து வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு.

அக்கா என்னிடம் வந்து, "நான் ஒத்தை ரூபா எடுக்கலப்பா. நீ கணக்குதானே படிக்கிற, கொஞ்சம் பாரேன்" என்றார்.

முதலில் கணக்குப் பக்கம்தான் போனேன். கல்லாவில் பணம் குறைய இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வந்த பணம் வெளியே போயிருக்க வேண்டும். இல்லையென்றால், வராத பணம் வந்ததாகப் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: சரக்கை எண்ணுவது. யாராவது பணத்தை எடுத்திருந்தால் சரக்கு இருப்பு கணக்கோடு சரியாக நிற்கும், பணம் மட்டும் குறையும். நடக்காத விற்பனை பதிவாகியிருந்தால் பணம் குறையும், ஆனால் அலமாரியில் சரக்கு கணக்கை விட அதிகமாக இருக்கும். பொருள் கடையை விட்டே போகவில்லையே!

கடந்த ஒரு மாத பில்களை எடுத்துப் பார்த்தேன். அடுத்தடுத்த எண்கள், அதே பொருட்கள், அதே தொகை, நேர வித்தியாசம் சில விநாடிகள். இப்படி 11 ஜோடிகள். இரண்டாவது பில்களின் கூட்டுத்தொகை 3,870 ரூபாய். அந்த மாதம் கல்லாவில் விழுந்த துண்டு 3,905. அந்த ஜோடிகளில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டில் இரண்டு முறை வந்திருந்தது. கணினியில் இருப்பு 14, அலமாரியில் எண்ணினால் 16.

சரி, ஒரு பில் எப்படி இரண்டாகிறது? பிரிண்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு 'பில்' பொத்தானை அழுத்தினேன். திரை அப்படியே உறைந்தது. உறைந்த திரையில் இன்னும் இரண்டு முறை அழுத்தினேன். மூடியை மூடியதும் மூன்று சீட்டு வந்தது. மூன்றிலும் வேறு வேறு பில் எண். அவசரத்தில் யார் எண்ணைப் பார்ப்பார்கள்? கூடுதலாக வரும் சீட்டை பிரிண்டர் கோளாறு என்று நினைத்துக் கிழித்துப் போட்டிருக்கிறார் அக்கா.

இனி கொஞ்சம் சி.

ஜிடிகே நிரல் என்பது ஒரே ஒரு வட்டத்தில் ஓடுவது. இதை மெயின் லூப் என்பார்கள். மவுஸ் கிளிக், விசை, திரையை வரைவது எல்லாம் வரிசையில் நிற்கும். லூப் ஒவ்வொன்றாக எடுத்து அதற்குரிய கால்பேக்கை அழைக்கும். அந்தக் கால்பேக் திரும்பி வந்தால்தான் அடுத்த வேலை. ஒரே கவுண்டர் உள்ள ரேஷன் கடை மாதிரி. முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள், ஆனால் வரிசையை விட்டுப் போக மாட்டார்கள். நம் கிளிக்குகளும் அப்படித்தான்.

இந்த மென்பொருளின் கால்பேக் முதலில் பில்லைச் சேமிக்கும், பிறகு பிரிண்டர் தயாராகும் வரை ஒரு வைல் லூப்பில் காத்திருக்கும். பொருட்பட்டியலை அழிப்பது 'புது பில்' என்ற வேறொரு பொத்தானின் வேலை. எனவே வரிசையில் நின்ற கிளிக் உள்ளே வரும்போது பழைய பட்டியல் அப்படியே இருக்கும். மறுபடி சேமிப்பு, மறுபடி எண்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. உங்களுக்கும் உதவலாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

1. நிரலை ஐகானில் இருந்து திறக்காமல் டெர்மினலில் இருந்து ஓட்டுங்கள். ஜிடிகே தன் புலம்பலையெல்லாம் அங்கேதான் கொட்டும். ஜி_டீபக் என்ற சூழல் மாறியில் ஃபேட்டல்-கிரிட்டிகல்ஸ் என்று வைத்தால், முதல் தீவிரப் பிழையிலேயே நிரல் நின்றுவிடும்.

2. கம்பைல் செய்யும்போது -ஜி சேருங்கள். திரை உறைந்ததும் ஜிடிபி-யை இணைத்து பிடி என்று தட்டுங்கள். எந்தச் செயற்கூறு எதை அழைத்து எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று படிப்படியாகக் காட்டும். எனக்கு மேலே ஸ்லீப், அதன் கீழே பிரிண்டர் செயற்கூறு, அதன் கீழே கிளிக் கால்பேக், அடியில் மெயின் லூப். கதை அங்கேயே முடிந்தது.

3. கால்பேக்கின் தொடக்கத்தில் பொத்தானை முடக்கி, முடிவில் திறந்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது! இடையில் விழுந்த கிளிக்குகளை லூப் பார்க்கும் நேரத்தில் பொத்தான் மறுபடி திறந்திருக்கும். காத்திருக்கும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு அனுப்பிவிட்டு, கால்பேக் உடனே திரும்ப வேண்டும்.

4. அந்த த்ரெட்டில் இருந்து பொத்தான், லேபிள் எதையும் நேரடியாகத் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் ஜி_ஐடில்_ஆட் மூலம் மெயின் லூப்பிடம் சொல்லுங்கள், அது திறந்துவிடும். 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4-இல் செயற்கூறுகள் பல மாறினாலும் இந்த விதி மாறவில்லை.

இதோடு ஒரு கணக்குப்பிள்ளை விதியும் சேர்த்தேன்: ஒரு பட்டியலுக்கு ஒரே எண். சேமித்த பட்டியலை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணில் நகல்தான் அச்சாகும்.

இது ஏதோ தெருமுனைக் கடை விஷயம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டன் அஞ்சல் துறையில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 2015 வரை 900க்கும் மேற்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களும் உண்டு. 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில், 8,000 பவுண்ட் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும்போது திரை உறைந்தது. மறுபடி மறுபடி என்டர் தட்ட, அது நான்கு முறை பதிவாகி 24,000 பவுண்ட் துண்டு விழுந்தது. நம் கடைக் கதையேதான், தொகைதான் பெரிது. 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்ததைத் தீர்ப்பாகச் சொன்னது. தண்டனைகளை ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அவ்வளவு பேரிடமும் சொல்லப்பட்டதும் அண்ணாச்சி சொன்ன அதே வரிதான் என்று நினைக்கிறேன். இயந்திரத்தின் கணக்குக்கு வவுச்சர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆடிட்டிங் பாடத்தில் வவுச்சிங் என்று மதிப்பெண்ணுக்காகப் படிப்பதன் அர்த்தம் எனக்கு எண்ணெய் பாட்டில் எண்ணும்போதுதான் புரிந்தது.

அண்ணாச்சியிடம் 11 ஜோடிகளையும் அலமாரியையும் காட்டினேன். அவரே ஒரு முறை எண்ணிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசியில் பிடித்த பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். மன்னிப்பு என்று வாயால் சொன்னாரா தெரியாது, அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் கல்லா பக்கத்தில் புதிதாக ஒரு கம்பி நிற்கிறது. வருகிற சீட்டு எதுவாக இருந்தாலும், நகலோ கோளாறோ, அக்கா கிழித்துப் போடுவதில்லை. எண்ணைப் பார்த்து அந்தக் கம்பியில் குத்தி வைக்கிறார்.