மவுண்ட் ரோடு: சில குறிப்புகள்

சிம்ப்சன் கம்பெனி 1840-இல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்தது. பிறகு மோட்டார் பாடி, பிறகு எஞ்சின். முன்னால் கண்ணாடி போட்ட ஷோரூம், பின்னால் பட்டறை. இந்தச் சாலையின் பழைய கம்பெனிகள் பலவும் பாதி கடை, பாதி தொழிற்சாலை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்றும் உதிரி பாகம் விற்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, புதுப்பேட்டையில் பழைய வண்டியைக் கழற்றிப் பங்கு போடுகிறார்கள். வண்டி பிறந்த தெருவும் சாகும் தெருவும் கூப்பிடு தூரத்தில்.

பாரம்பரியக் கட்டடம் என்றால் எல்லோரும் குவிமாடத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். பட்டறைக் கொட்டகையை யார் படம் எடுக்கிறார்கள்?

*

விக்டரி ஹவுஸ். ஒயிட்டவே லெயிட்லா என்ற வெள்ளைக்காரக் கடை இருந்த இடம். பிறகு அதை வாங்கியது, வேறு யாருமல்ல, சுதேசமித்திரன்! பத்திரிகை நொடித்த பின் வி.ஜி.பி. வந்து தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றது. மூன்று முதலாளிகள், மூன்று காலம். ஆள் மாறினாலும் வியாபாரம் நடந்தால் கட்டடம் பிழைத்துக்கொள்ளும்.

*

ஹிக்கின்பாதம்ஸ்: கடை 1844, இப்போதைய கட்டடம் 1904. புத்தகக் கடைக்காகக் கட்டினார்கள், புத்தகக் கடையாகவே இருக்கிறது. இதைவிட நல்ல பராமரிப்பு எனக்குத் தெரியவில்லை.

*

பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை. கட்டடக் கலைஞர் சிஸம் வரைந்த கட்டடம். 2011-இல் மெட்ரோ ரயில் வேலைக்காக வளாகத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. மெட்ரோ வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன், தினமும் அதில்தான் போகிறேன். ஆனால் வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, புல்டோசர் வந்த பிறகு கேட்பது இந்த ஊர் வழக்கமாகிவிட்டது.

*

மெட்ராஸ் டெரஸ் கூரை பற்றி: தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை. ஒழுகுகிறது என்றால் இன்றைய காண்டிராக்டர் மேலே சிமெண்ட் பூசிவிடுவார். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை, உத்தரம் உளுத்துப்போகும். பிறகு “பலவீனமான கட்டடம்” என்று சான்றிதழ். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் அவர் கூலிக்கு டெண்டரில் இடமில்லை.

*

பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897. டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனி கட்டியது. மருந்து விற்க இத்தனை கோபுரம் எதற்கு? விளம்பரம்தான். பிறகு பாரத் இன்சூரன்ஸிடம் போனது; இன்சூரன்ஸ் தேசியமயமானதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குப் போட்டுத் தடுத்தது. 2010-இல் இடிக்கக் கூடாதென்று தீர்ப்பு. அதற்குப் பின்னும் வருஷக்கணக்காகக் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. சுவரில் அரசங்கன்று வேர்விட்டால் அதற்கு யார் தடையுத்தரவு வாங்குவது?

இதே சாலையில் 1959-இல் 14 மாடிக் கட்டடத்தைக் கட்டி முடித்து, சென்னைக்கே அடையாளம் தந்ததும் எல்.ஐ.சி.தான். அதனால்தான் கோபம் கூடுகிறது.

*

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. இனியாவது “இடிக்காதே” என்பதோடு நிற்காமல், “இத்தனை மாதத்துக்குள் கூரையைச் சரிசெய், வாடகைக்கு விடு” என்றும் உத்தரவு போடட்டும். செய்யாதவர்களுக்கு அபராதம் விதிக்கட்டும்.