பத்து மணி நிகழ்ச்சி

மே 12, 2025. செவிலியர் தினம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கூட்ட அரங்கு. மேசைமேல் நைட்டிங்கேல் படம். கண்ணாடியின்மேல் சந்தனம், குங்குமம். சம்பங்கி மாலை.

பின்னால் பேனர். சர்வதேச செவிலியர் கவுன்சில் இந்த ஆண்டுக்குத் தந்த முழக்கம்: செவிலியரைப் பேணினால் பொருளாதாரம் வலுக்கும். மூலைகளில் அதிகாரிகள் மூவர். நடுவில் ஒரு செவிலியர். வெள்ளைக்காரப் பெண்.

முன்வரிசை சோபாவில் துண்டு விரித்திருக்கிறது. ஆள் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. நைட் ட்யூட்டி முடித்தவர்கள் சுவரோரம் நிற்கிறார்கள். கட்டாயம் வர வேண்டும் என்று சர்க்குலர்.

ஒருவர் செருப்பிலிருந்து காலை எடுத்து மற்ற காலின் கெண்டையில் தேய்க்கிறார். நீல நரம்பு புடைத்திருக்கிறது. கால் மாற்றுகிறார். மறுபடி மாற்றுகிறார்.

பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். உதட்டை நனைத்து மூடுகிறார். வார்டில் சிஸ்டர்களுக்கான கழிப்பறை ஸ்டோர் ரூம் ஆகிவிட்டது. நேற்றிரவு நிரப்பிய பாட்டில். முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது.

இன்னொருவர் போனில்: "சாப்ட்டியாடா? டப்பால தயிர்சாதம் இருக்கு பாரு." அவர் தோள்பையில் டிபன் பாக்ஸ் இன்னும் கனக்கிறது.

"ரெண்டு வருஷத்துல பர்மனென்ட்னாங்க."

"உங்களுக்கு எத்தனை வருஷம்க்கா?"

"ஆறு." இருவரும் சிரிக்கிறார்கள். தொகுப்பூதியக்காரர்களின் சிரிப்பு.

பதினொன்று பத்துக்கு சோபா நிறைகிறது.

மெழுகுவத்திகள். உறுதிமொழி. நைட்டிங்கேல் பெயரில் வழங்குவது. 1893-ல் டெட்ராய்ட்டில் வேறு சிலர் எழுதியது. மேடையில் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். சுவரோரத்தில் கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறார்கள். ஒருவர் விரலில் மெழுகு வழிகிறது. வரி தடுமாறவில்லை.

சிறப்பு விருந்தினர் "தேவதைகள்" என்கிறார். கைதட்டல். இன்னொரு முறை என்கிறார். இன்னொரு கைதட்டல். கேக்.

வாசலருகே செவிலியர் உடல்நலப் பரிசோதனை முகாம். ஒரு மேசை, பி.பி. கருவி, நோட்டு. பார்ப்பவரும் சிஸ்டர்தான். கால் நரம்பு புடைத்தவர் உட்காருகிறார். காலையிலிருந்து இப்போதுதான்.

காற்று இறங்குகிறது.

"அக்கா, நூத்தி அறுபது, நூறு."

"தூங்கல, அதான்."

"டாக்டர்கிட்ட அனுப்பணுமே."

"இன்னிக்கும் எனக்கு நைட்டு. நூத்தி முப்பது போடு."

பேனா கொஞ்சம் நிற்கிறது. 130/80. நோட்டில் மேல் வரியிலும் 130/80. அதற்கு மேலும்.