திரும்ப வேண்டிய தேதி



வடாலா ரோடு நிலையத்தில் காலை வேளையில் நிற்கிறவர்களுக்கு ரயில் பெட்டியை ஏறிட்டுப் பார்க்க நேரமில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் கால் வைக்க ஓர் அடி இடமும் கிடைத்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பயணப்படுகிறோம். ஆனால் நாம் அன்றாடம் போய்வரும் இந்தத் துறைமுக வழித்தடம் எளிய தடமல்ல. 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்த வழியாகவே ஓடியது. அன்று ஓடிய பெட்டிகள் இன்று இத்தடத்தில் இல்லை. வேறு சில இடங்களிலோ பழைய பெட்டிகள் பல தலைமுறைகளைக் கடந்தும் ஓடுகின்றன. ஒரு பெட்டியை இத்தனை காலம் வாழவைப்பது எது? இந்தக் கேள்வியோடு ஒரு விடுமுறை நாளில் உங்களை வெளியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

வடாலாவில் ஏறிக் குர்லாவில் இறங்கி, கர்ஜத் செல்லும் ரயிலுக்கு மாறுங்கள். கல்யாணைத் தாண்டியதும் கட்டிடங்கள் குறைந்து மலைகள் தெரியத் தொடங்கும். நேரல் நிலையத்தில் இறங்கினால், பெரிய தண்டவாளத்தின் அருகிலேயே இரண்டடி அகலமுள்ள சிறிய தண்டவாளம் ஒன்று காத்திருக்கும். அதுவே மாத்தேரான் மலை ரயில். பம்பாயின் பெரும் வணிகர் சர் ஆதம்ஜி பீர்பாயின் பொருளுதவியால் அவருடைய குமாரர் அப்துல் ஹுசேன் கட்டிய பாதை இது. 1904-இல் வேலை தொடங்கி, 1907-இல் ரயில் ஓடியது. செலவு 16 லட்சம் ரூபாய் என்பார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில், அடிவாரத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரமுள்ள மலைத்தலத்துக்கு அது ஏறுகிறது. ஏற்றம் மிகுந்த இடங்களில் 20 அடி முன்னே சென்றால் ஓர் அடி உயர வேண்டும். அதனால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் இந்த ரயில் ஓடுவதில்லை. மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத ஊர் என்பதால், மேலே போய் இறங்கியதும் காதுக்குக் கிடைக்கும் அமைதியே ஓர் ஆசீர்வாதம்.

இயற்கைக் காட்சிகளைச் சற்று விட்டுவிட்டு, நாம் அமர்ந்திருக்கும் பெட்டியைக் கவனிப்போம். பாம்பைப்போல வளையும் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தோடு உரசித் தேய்கிறது. இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்கின்றன. மலையின் மழையும் மூடுபனியும் பெட்டியின் இணைப்புகளுக்குள் இறங்குகின்றன. இந்தத் தேய்மானத்தை அளந்து பார்க்காமல் விட்டால் முடிவு என்னவாகும் என்பதற்கு இந்தப் பாதையின் சமீப காலமே சாட்சி. 2005 ஜூலை 26-ஆம் தேதி பெய்த பெருமழை பாதையைச் சிதைத்தது. சீரமைத்துத் திறக்க 2007 ஆயிற்று. 2016 மே மாதத்தில் பெட்டிகள் தடம் புரண்டதால் ரயில் நிறுத்தப்பட்டது. அதுவரை பணியாளர்கள் கையால் சுழற்றிய பிரேக்கையே பெரிதும் நம்பி ஓடிய பெட்டிகளுக்குக் காற்றழுத்த பிரேக் பொருத்தி, 2018-இல் முழுப் பாதையிலும் மீண்டும் ஓடவிட்டார்கள். 2019 மழையில் பாதை மறுபடியும் அரித்துப்போனது. மூன்றாண்டு வேலைக்குப் பின் 2022 அக்டோபரில் நேரலிலிருந்து ரயில் திரும்பவும் மலையேறியது. ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்தில் நேரலிலிருந்து ஏறும் ரயிலை நிறுத்திவைத்து, உச்சிக்கு அருகேயுள்ள அமன் லாட்ஜிலிருந்து மட்டும் ஓட்டுவது வழக்கம். நிற்க வேண்டிய காலத்தில் நிற்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

நேரலில் நிற்கும்போது நம்மில் அநேகருக்கு மேட்டுப்பாளையம் நினைவுக்கு வரும். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் திறக்கப்பட்ட நீலகிரி மலை ரயில், 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே குன்னூர் வரை எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. பெட்டியின் முன்மேடையில் ஒரு பிரேக்காளர் நிற்பார். எஞ்சினின் ஊதலைக் கேட்டுத் தம் பெட்டியின் பிரேக்கை அவரே போடுவார்.

இத்தகைய ரயில்களின் பழைய மரப் பெட்டிகளைப் புதுப்பிக்கும் தச்சர்கள் வண்ணத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை. மரத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஜன்னலின் அடிச்சட்டம், கதவின் கீழ்மூலை, கூரையின் ஓரம் எனத் தண்ணீர் தங்கும் இடங்களில்தான் முதலில் உளுக்கும். உளுத்ததை மட்டும் வெட்டியெடுத்து அதே இனத் தேக்கைப் பொருத்துவார்கள். அவசரப்பட்டு நல்ல மரத்தையும் சேர்த்து எறிந்துவிட்டால் கையில் மிஞ்சுவது வேறொரு புதிய பெட்டி. உளுத்ததை விட்டுவைத்து மேலே வார்னிஷ் பூசினாலோ, அடுத்த மழையில் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இனி ஊருக்குத் திரும்புவோம். இந்தத் தொழிலின் பெரிய பாடசாலை ஒன்று வடாலாவுக்கு மிக அருகிலேயே இருக்கிறது என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி மாட்டுங்கா நிலையத்துக்கு நடந்து போகிறவர்கள், அதற்கு மேற்கே மத்திய ரயில்வேக்கும் மேற்கு ரயில்வேக்கும் நடுவில் பரந்து கிடக்கும் பணிமனையை அறிவார்கள். 1915-இல் ஜி.ஐ.பி. ரயில்வே இதை நிறுவியது. பெரிய தடத்துப் பெட்டிகளையும் சிறிய தடத்துப் பெட்டிகளையும் பழுதுபார்ப்பதற்கென்றே எழுந்த இடம் இது. 1930 ஜூன் 1-ஆம் தேதி பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய டெக்கான் குவீன் ரயிலின் அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பெட்டிகளின் உடலைக் கட்டியவர்கள் மாட்டுங்கா தொழிலாளர்கள். ஒரு வரிசை வெள்ளி நிறம், மற்றொன்று அரச நீலம். 1966-இல் அந்தப் பெட்டிகளுக்குப் பதிலாக நம் பெரம்பூர் தொழிற்சாலையில் செய்த எஃகுப் பெட்டிகள் வந்தன. ஊரைவிட்டு வந்த நம்மைப்போலவே அவையும் சென்னையிலிருந்து வந்து இந்த உப்புக்காற்றில் உழைத்தவை.

பணிமனைக்குள் ஒரு பெட்டி வந்தால் என்ன நடக்கிறது? முதலில் அதன் உடலை அப்படியே தூக்கிச் சக்கரத் தொகுதியிலிருந்து பிரிக்கிறார்கள். அச்சுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டா என்று நுண்ணொலியால் சோதிக்கிறார்கள். தேய்ந்த சக்கரங்களை லேத்தில் கடைந்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்பிரிங்குகளைப் பாரம் ஏற்றி அளக்கிறார்கள். பிறகு தரையைப் பிரித்துத் துருவைத் தேடுகிறார்கள். கழிப்பறையின் அடியிலும் வாசற்படியின் அருகிலும்தான் அது அதிகம் இருக்கும். வெட்டி, ஒட்டி, எல்லாம் முடிந்த பின்பே வண்ணம். வண்ணம் கடைசி வேலை.

அதற்கும் பிறகு ஒரு சிறிய வேலை உண்டு. அடுத்தமுறை திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ரயில் ஏறும்போது பெட்டியின் வெளிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். எந்தப் பணிமனையில், எந்த நாளில் முழுப் பழுதுபார்ப்பு நடந்தது என்று சுருக்கெழுத்தில் எழுதியிருக்கும். எம்.டி.என். என்றிருந்தால் அது மாட்டுங்கா. அதனருகே ஆர்.டி. என்று இன்னொரு தேதி இருக்கும். அது அந்தப் பெட்டி பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதி. ஐ.சி.எஃப். வகை விரைவு ரயில் பெட்டிகளுக்கு நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்த இடைவெளி 18 மாதம். புதுப்பொலிவோடு வெளியே வருகிற நாளிலேயே, மீண்டும் பழுதுபார்க்க வரவேண்டிய நாளும் அதன் உடலில் எழுதப்படுகிறது. இது பெட்டிக்கு அவமானமில்லை. ஓடுகிற எதுவும் தேயும் என்று அறிந்தவர்களின் ஞானம் இது.

பிரியமானவர்களே, நம்முடைய குடும்பங்களில் இப்படி ஒரு தேதி எழுதப்பட்டிருக்கிறதா?

இந்த நகரத்துக்கு வந்த புதிதில் பத்துக்குப் பத்து அறையில் பாய் விரித்து, இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் முழங்காலில் நின்ற வீடுகளை நான் அறிவேன். பிறகு கணவருக்கு இரவு வேலை. மனைவிக்கு இரண்டு வீட்டு வேலை. ஜெபம் வாரத்துக்கு ஒருமுறையாகி, பண்டிகைக்கு ஒருமுறையாகி, நின்றுபோனது. பிள்ளை தமிழ் வேதாகமத்தை வாசிக்கத் திணறியபோது யாரும் கவனிக்கவில்லை. வட்டிக்கு வாங்கிய கடனைக் கணவர் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையும் நல்ல சேலையுமாக முன்வரிசையில் வந்து நின்றார்கள். வண்ணம் மங்கவில்லை. அடியில் துரு ஏறியது. ஒரு நாள் பாரம் தாங்காமல் அந்த வீடு தடம் புரண்டபோது, "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்கள்" என்று சபையார் வியந்தோம். அவர்களைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. நாமும் தட்டிக் கேட்காமல் இருந்தோம் என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் 12-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லியிருந்தும், அவன் அரசாட்சியின் 23-ஆம் வருஷம் வரைக்கும் அந்த வேலை நடக்கவில்லை. ஆராதனை நின்றதாக அங்கே சொல்லப்படவில்லை. பழுது மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தருகே வைத்தான். அதில் சேர்ந்த பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் போயிற்று. வெள்ளிப் பாத்திரங்கள் செய்ய அதை எடுக்கவில்லை. அந்த வேலைக்காரர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்கும் கேட்கவில்லையாம். பாத்திரங்களுக்கு முன்பாகப் பழுது கவனிக்கப்பட வேண்டும் என்ற ஒழுங்கை அங்கே காண்கிறோம்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் வீட்டு நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்துவையுங்கள். அன்று விருந்தினர் வேண்டாம், தொலைக்காட்சி வேண்டாம். கணவனும் மனைவியும் கடன், உடல்நலம், மனக்கசப்பு ஆகியவற்றை ஒளிக்காமல் பேசுங்கள். பிள்ளைகளிடம் அவர்களுடைய பயங்களைக் கேளுங்கள். உளுத்தது எது என்று தெரிந்தால் அதை மட்டும் எடுத்துப்போடுங்கள், நல்லதை எறிந்துவிடாதிருங்கள். எல்லாவற்றையும் தேவ சமுகத்தில் வைத்து ஜெபியுங்கள். எழுந்திருக்கும் முன், அடுத்து திரும்ப வேண்டிய தேதியையும் எழுதிவிடுங்கள்.

மாத்தேரானிலிருந்து மாலையில் இறங்கி, குர்லாவில் மாறி, வடாலாவில் இறங்குவீர்கள். நெரிசலில் தள்ளப்பட்டாலும் ஒரு கணம் நின்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் தேதியைத் தேடிப் பாருங்கள். பிறகு வீட்டுக்குப் போய் உங்கள் தேதியைக் குறியுங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களைச் சீர்ப்படுத்தி, ஸ்திரப்படுத்துவாராக. ஆமென்.