முற்றத்துப் பாசி

நாகர்கோவிலுக்கு மேற்கே இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் முற்றத்தில், சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில், அம்மா வழுக்கி விழுந்தார். எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார்; இருவருமே அம்மா என்றுதான் அழைக்கிறோம். நடையிலிருந்து கிணற்றடி பத்தடி தூரம்கூட இராது. ஐம்பது ஆண்டுகளாக விடியலுக்கு முன்னே, விளக்குப் போடாமலே அவர் நடந்து பழகிய வழி அது. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் அவர் முற்றத்தில் இறங்கவில்லை. நடையில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து கிணற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாரக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போகிற எங்களுக்கு அந்தக் காட்சியைத் தாங்க முடியவில்லை. பிரஷர் வாஷர் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

குமரி மாவட்டத்திற்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் இடையில் தரை முழுதாகக் காய்வதே அபூர்வம். பலாவும் மாவும் நிழல் விழுத்தும் முற்றத்தில் பாசிக்கு வேறென்ன வேண்டும்? ஈர்க்குச்சித் துடைப்பம், பிளீச்சிங் பவுடர் எல்லாம் முயன்றாகிவிட்டது. இரண்டு சக்கர வண்டிகளுக்கு 'வாட்டர் சர்வீஸ்' செய்யும் கடைகளில், உலர்ந்த சேறு ஒரே வீச்சில் உதிர்வதைப் பார்த்திருக்கிறோம். அந்த நினைவுதான் எங்களைக் கடைக்கு இழுத்துச் சென்றது.

இந்த இயந்திரத்திற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயரழுத்தக் கழுவியை 1950இல் உருவாக்கியது. வீட்டில் வைத்துப் புழங்கத்தக்க, கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய வடிவத்தை அதே நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. நாங்கள் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் எளிய சாதனம். 1,600 வாட் மோட்டார். 120 பார் அழுத்தம். நிமிடத்திற்கு ஆறு லிட்டர் தண்ணீர். 120 பார் என்பதை அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திற்கு, அதாவது தொட்டபெட்டாவின் பாதி உயரத்திற்குச் சற்றுக் குறைவாக, ஒரு தண்ணீர்த் தூணை நிறுத்தினால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு என்றோம். "முற்றம் பெயர்ந்து போகாதா?" என்று அவர் கேட்டார். சிரித்தோம். அந்தக் கேள்விக்கு அன்றே செவி கொடுத்திருக்க வேண்டும்.

முதல் நாள் இயந்திரம் எங்களைக் கேலிக்கு ஆளாக்கியது. சுவிட்சைப் போட்டதும் உறுமியது. துப்பாக்கியின் விசையை அழுத்தினால் தண்ணீர் ஒருமுறை சீறும், அடுத்த நொடி சோரும், மறுபடி சீறும். பம்பு கடகடவென்று இரைந்தது. கையேட்டை இருவரும் மாறி மாறி வாசித்தோம். எங்களில் ஒருவருக்குச் சொற்றொடர்களில் பிழை திருத்துவது மட்டுமே தொழில். மற்றவருக்கு அதுவும் இல்லை. மோட்டார் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த குழாய்ப் பணியாளர் எட்டிப் பார்த்தார். இயந்திரத்தை அவர் தொடவே இல்லை. மாடித் தொட்டியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சாரே, மிசினு கேக்க தண்ணிய டேங்கு குடுக்கல்ல. அதுக்குத் தாகம்" என்றார்.

ஒரு பத்து லிட்டர் வாளியைக் குழாயின் கீழ் வைத்துக் கடிகாரம் பார்த்தோம். நிறைய இரண்டரை நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. நிமிடத்திற்கு நான்கு லிட்டர்கூட வரவில்லை. இயந்திரம் கேட்பதோ ஆறு. எங்கள் தொட்டி குழாயைவிட நான்கு மீட்டர்தான் உயரம். அது தரும் அழுத்தம் 0.4 பார். அதிலும் இருபது மீட்டர் மெல்லிய ஓஸ் வழியாகச் சுற்றி வந்தால் என்ன மிஞ்சும்? பம்பு தன் வேகத்திற்குத் தண்ணீர் கிடைக்காதபோது, இணைப்புகளின் வழியே காற்றையும் சேர்த்து இழுக்கிறது. சீறலும் சோர்வும் அதனால்தான்.

பிறகுதான் அதன் உள்வேலை புரிந்தது. இவ்வகைச் சிறு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் மூன்று பிஸ்டன்கள் முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரைத் தள்ளுகின்றன. தள்ளப்பட்ட தண்ணீர் முனையிலுள்ள ஊசித்துளை போன்ற நாசிலில் வந்து முட்டும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. ஆகவே வரும் வழியில் தண்ணீர் குறைந்தாலும், போகும் வழியில் துளை தேய்ந்து அகன்றாலும் அழுத்தம் விழும். நடுவே இருக்கும் மோட்டாரைச் சந்தேகிப்பது கடைசியில் செய்ய வேண்டியது.

எங்கள் சிக்கலுக்குத் தீர்வு எளிதாக இருந்தது. நூறு லிட்டர் டிரம் ஒன்றை முந்தைய இரவே நிரப்பி, இயந்திரத்தின் அருகில் திட்டில் வைத்து, தடித்த குட்டையான ஓஸில் உறிஞ்சவிட்டோம். எல்லா இயந்திரமும் இப்படி டிரம்மிலிருந்து உறிஞ்சாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. மோட்டாரைப் போடுமுன் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் சீராக ஒழுகும் வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு நிமிடப் பொறுமை பாதிக் கோளாறுகளைத் தவிர்க்கிறது.

மிச்சப் பாதியை அடுத்தடுத்த வாரங்களில் கற்றுக்கொண்டோம். டிரம் வைத்த பிறகும் ஒருநாள் தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ந்தது. நுழைவாயிலின் சல்லடையில் மணல் அடைத்திருந்தது. இணைப்பிலிருந்த ரப்பர் வாசரிலும் வெடிப்பு. இன்னொரு நாள் தாரை கோணலாகச் சிதறியது. உப்புநீர் நாசிலின் துளையில் படிந்திருந்தது. வினிகரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்தி, எதிர்ப்புறமாகத் தண்ணீர் விட்டதும் சரியாயிற்று. விசையை விட்ட பின்னும் மோட்டார் தானாக ஓடி ஓடி நின்றால், ஏதோ ஓர் இணைப்பில் கசிவு இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு அது துப்பாக்கியின் அடியிலிருந்த ஓ-ரிங். மோட்டார் முனகியும் சுழலவில்லை என்றால், ஓஸுக்குள் அழுத்தம் தங்கியிருக்கலாம். விசையை அழுத்தி அதை வெளியேற்றிவிட்டு மறுபடி போட வேண்டும். மின்னழுத்தம் குறைந்திருந்தாலும் இப்படி நேரும். 1,600 வாட் என்பது ஏறத்தாழ ஏழு ஆம்பியர். மெல்லிய நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரும் ஆறு ஆம்பியர் பிளக்கும் அதைத் தாங்கா. ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால், வீட்டு மின்பலகையில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் முற்றம் முழுவதையும் கழுவினோம். கறுத்துக் கிடந்த தளம், விசிறித் தாரை பட்ட இடத்தில் எல்லாம் பழைய சாம்பல் நிறத்தில் வெளிப்பட்டது. அதில் ஒரு போதை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போதையில்தான் தவறு செய்தோம். நாசில்களுக்கு நிறக்குறி உண்டு: வெள்ளை 40 பாகை விரியும், பச்சை 25, மஞ்சள் 15, சிவப்பு விரியாமல் ஒரே கோடாகப் பாயும். நடைப்படியின் மூலையில் மிஞ்சியிருந்த கறையைப் போக்கச் சிவப்பை மாட்டி அருகில் பிடித்தோம். அப்பா தம் கையால் காவி தேய்த்து மெழுகிய படி அது. ஒரு விரல் நீளத்திற்குக் காவி பெயர்ந்து சிமெண்டு வெளுத்துத் தெரிந்தது. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பட்டது படியாக இருந்ததால் பிழைத்தோம். அந்தத் தாரை கையிலோ காலிலோ பட்டால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே தெரிவது சிறு புள்ளியாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

முற்றம் சுத்தமானது. அம்மா அப்போதும் இறங்கவில்லை. "மழ வரட்டு, பாக்கலாம்" என்றார்.

ஆனியில் மழை வந்தது. நான்கே வாரத்தில் பாசியும் வந்தது. நாங்கள் தாரையை மிக நெருக்கிப் பிடித்துத் தளத்தைச் சொரசொரப்பாக்கிய இடங்களில், முன்னைவிடத் தடிப்பாகவே படர்ந்தது. மேற்பூச்சு தேய்ந்த சிமெண்டின் நுண்துளைகளில் ஈரம் தங்குகிறது. பாசிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர், கேணித்துறைப் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்குகிறார். காதலன் தொட விலகுவதும் விட்டால் பரவுவதும் இரண்டிற்கும் பொது. பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பாட்டு. அதிலிருக்கும் பாசியை, மழையில் நனைந்தபடி எங்கள் முற்றத்தில் நின்றபோதுதான் பார்த்தோம்.

மறுபடி இயந்திரத்தை வெளியே எடுத்தபோது அம்மா தடுத்தார். நாற்காலியில் இருந்தபடியே ஓட்டுக்கூரையின் விளிம்பைக் காட்டினார். மழைநீரை வாங்கிக் குழாய்க்குள் அனுப்பும் தகரக் கால்வாய், பலாச்சருகு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் வழுக்கி விழுந்த அதே இடத்தில்தான் அந்தத் தண்ணீர் இடைவிடாமல் கொட்டியது.

"அப்பா உள்ளப்போ வைகாசி கடைசியில ஏணி போட்டு அந்தச் சருகெல்லாம் வாருவாரு. இப்போ வார ஆளில்ல" என்றார்.

அப்பா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மூன்று வைகாசிகளாக அந்தத் தகரத்தை யாரும் தொடவில்லை. தண்ணீர் குறைந்ததற்கு மோட்டாரைக் குற்றம் சொன்ன அதே பிழையை முற்றத்திலும் செய்திருக்கிறோம். நாற்காலியில் அமர்ந்து அம்மா இத்தனை மாதம் கிணற்றைத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தோம்.

அன்றே ஏணி போட்டோம். இரண்டு சாக்குச் சருகு இறங்கியது. ஆடியில் கொத்தனாரை வைத்துத் தளத்தின் பள்ளத்தை நிரப்பி, தண்ணீர் வடியும்படி வாட்டம் கொடுத்தோம். பலாவின் இரண்டு கிளைகளைக் கழித்து வெயிலுக்கு வழிவிட்டோம். அதன் பிறகுதான் பிரஷர் வாஷரை எடுத்தோம்: வெள்ளை நாசில், ஒரு முழ இடைவெளி. படியில் பெயர்ந்த காவியை அப்படியே விட்டிருக்கிறோம். கொத்தனார் பூசித் தருகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது மீண்டும் ஐப்பசி. சென்ற வாரம் விடியலில் வாளிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தோம். அம்மா கிணற்றடியில் நின்றிருந்தார். விளக்கு மட்டும் போட்டிருந்தார்.