பினாங்கில் ஒரு பரங்கிப் பாறை!

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்துக்காரர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள் என்றால் மெரினா, இல்லையென்றால் பெசன்ட் நகர். ஆனால், இந்தத் தம்பதி போனது மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு!

அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லத்தரசி. ஒரே மகளுக்கு பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. 1972-ல் இன்டெல் அங்கே தொழிற்சாலை திறந்ததிலிருந்து, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் இடம் அது. ''வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்கேயே வந்துடுங்கப்பா'' என்று ஒரு வருடமாக மகள் நச்சரிக்க, 'சரி, ஒரு தடவை இருந்துதான் பார்ப்போமே' என்று கிளம்பிவிட்டார்கள்.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா செல்ல 30 நாள்கள் வரை விசா தேவையில்லை. 2026 இறுதி வரை இந்தச் சலுகை உண்டு. புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகைப் பதிவை மட்டும் செய்துவிட வேண்டும். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தால் போதும்... பயணம் தயார்!

முதல் நாள், ஜார்ஜ் டவுன். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய நகரம். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வளர்த்த கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல், கடைவாசலில் மல்லிகைச் சரம், தமிழில் பெயர்ப்பலகை. ''ஏங்க, நாம நிஜமாவே ஃப்ளைட்ல வந்தோமா?'' என்று சிரித்தார் மனைவி.

மறுநாள் 101-ம் எண் பேருந்தில் ஏறி, பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனார்கள். மலாய் மொழியில் 'பத்து' என்றால் பாறை. 'ஃபெரிங்கி' என்பது நம் 'பரங்கி'யேதான். ஒரு காலத்தில் போர்த்துக்கீசியர்களைக் குறித்த சொல். ''பரங்கிமலையிலிருந்து நம்ம பூந்தமல்லிக்கு ரோடு வருது. இங்கே பரங்கிப் பாறைக்கு பஸ் வருது!'' என்றார் கணவர்.

மெரினாவைப் போல ஆளை இழுக்கும் அலை இல்லை. ஜெல்லி மீன் தொல்லை உண்டு என்பதால், குளிப்பவர்களைவிடப் படகு இழுக்கும் பாராசூட்டில் பறப்பவர்களே அதிகம்.

நிழலில் உட்கார்ந்திருந்த இங்கிலாந்துத் தம்பதி பேச்சுக் கொடுத்தார்கள். இங்கே வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகிறதாம். வசதியுள்ள வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்குவதற்காக, 2002 முதல் 'மலேசியா என் இரண்டாவது வீடு' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2024-ல் திருத்திய விதிப்படி, 'சில்வர்' பிரிவில் சேரவே 1,50,000 அமெரிக்க டாலர் வங்கியில் போட வேண்டும். வீடும் வாங்க வேண்டும்.

''குளிர் இல்லை, முழங்கால் வலியும் குறைந்துவிட்டது. பென்ஷன் இங்கே தாராளமாகப் போதும்'' என்றார் அந்தப் பெரியவர். ''ஊர் ஞாபகம் வராதா?'' என்று இவர் மனைவி கேட்க, கணவர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். ''போன மாதம் என் பள்ளித் தோழி இறந்துபோனாள். இறுதிச் சடங்கை போனில்தான் பார்த்தேன்'' என்றார்.

இரவு, சாப்பிட நாசி கண்டார் கடை. அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் காவடிபோலத் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர் அது. தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும், பரிமாறியவர் நிமிர்ந்து பார்த்தார்.

''எந்த ஊரும்மா?''

''பூந்தமல்லி பக்கம், சென்னீர்குப்பம். நீங்க தம்பி?''

''ராமநாதபுரம் பக்கம்மா. வந்து ஒன்பது வருஷம் ஆச்சு.''

இரண்டு வருடங்களுக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போகிறாராம். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்குத் தரும் வேலை அனுமதியில் மனைவி, பிள்ளைகளை அழைத்துவர முடியாது. ''பீச்சுல பார்த்தீங்களே வெள்ளைக்காரங்க, அவங்க எல்லாம் எக்ஸ்பாட். நாங்க ஃபாரின் வொர்க்கர். ரெண்டு பேரும் வெளியூர்க்காரங்கதான்'' என்று சிரித்தவர், கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். டீக்குக் கடைசிவரை காசு வாங்கவில்லை.

திரும்பும் பேருந்தில் மனைவி பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து, மகளின் சமையலறையைப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், அலமாரி நிறைய நூடுல்ஸ் பாக்கெட். ஒரு வருட நச்சரிப்பின் அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்ள மட்டும் மகள் கூப்பிடவில்லை. அவளுக்கும் ஆள் வேண்டியிருந்தது.

''வீட்டை வாடகைக்கு விடலைம்மா'' என்றார் மறுநாள் காலையில் மகளிடம். ''அக்கம்பக்கத்துல எல்லாரும் அங்கேதானே இருக்காங்க. ஆனா, வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நாங்க இங்கே வந்து ஒரு மாசம் இருக்கோம். தீபாவளிக்கு நீ அங்கே வா.''

மகள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, ''தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிம்மா. உன் முழங்கால் தாங்குமா?'' என்றாள்.

''மெதுவா ஏறுவோம். நீயும்தான் கூட வரப் போறியே!''