ஐந்தாவது ஆட்டக்காரன்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வாசுதேவநல்லூரில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கிவிடும். குற்றாலத்தில் சாரல் விழ, இங்கே அதன் ஈரக்காற்று கொடியில் கிடக்கும் துணியைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஐந்து கிராம் அளவே எடையுள்ள இறகுப்பந்தை அந்தக் காற்றில் யார் ஆடுவது? அதனால் இந்தப் பக்கத்து மைதானங்களில் வெகுகாலம் பூப்பந்துதான் கொடிகட்டிப் பறந்தது. மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்று சொல்வார்கள்.

பூப்பந்து ஆடியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, நம் ஐவரில் யார் கை தளர்ந்தவன் என்று எதிரணி கண்டுபிடித்துவிடும். அப்புறம் பந்தெல்லாம் அவனைத் தேடித்தான் வரும். நம்மிடம் எவ்வளவு பெரிய அடிகாரன் இருந்து என்ன? பந்து அவன் பக்கம் வந்தால்தானே அடிப்பான்!

குடும்பம் நடத்துகிறவர்களும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல காலமாக எண்ணம் உண்டு. அதற்குச் சரியான சாட்சி, உலக இறகுப்பந்து நாடுகள் மோதும் தாமஸ் கோப்பையின் கதை.

அந்தக் கோப்பையைக் கொடுத்தவர் சர் ஜார்ஜ் தாமஸ். 1920 முதல் 1923 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை வென்றவர். இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்து அங்கே 21 பட்டங்கள். சதுரங்கத்திலும் இரண்டு முறை பிரிட்டன் சாம்பியன். தனி ஒருவனாக ஒரு மனிதன் எட்டக்கூடிய உயரத்தையெல்லாம் எட்டிவிட்டவர். அப்படிப்பட்டவர் 1939இல் உலகத்துக்குக் கொடுக்க விரும்பியது அணிகளுக்கான கோப்பையை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

போர் குறுக்கே வந்து காரியம் பத்தாண்டு தள்ளிப்போனது. 1949இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த முதல் இறுதிப் போட்டியில் மலேயா, டென்மார்க்கை 8-1 என்று வென்றது. அப்போது ஒரு மோதலுக்கு ஒன்பது ஆட்டங்கள். 1984 முதல் ஐந்து. மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். அதில் மூன்றை வென்றால் வெற்றி. கணக்கு எளிது. ஆனால் உலகத்தின் முதல்தர வீரன் ஒருவன் உங்களிடம் இருந்தாலும் ஒற்றையரில் அவன் ஒரு ஆட்டத்தைத்தான் வெல்ல முடியும். மற்றதற்கு ஆள் வேண்டும்.

இந்தியா இங்கேதான் இடறியது. நமக்கு மேதைகளுக்குக் குறைவே இல்லை. 1951 முதல் 1963 வரை தாமஸ் கோப்பையில் நந்து நாடேகர் ஆடிய 16 ஒற்றையர் ஆட்டங்களில் 12ஐ வென்றார். 1980இல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தைக் கொண்டுவந்தார், 2001இல் புல்லேலா கோபிசந்த் கொண்டுவந்தார். கோப்பை மட்டும் வரவில்லை. 1952, 1955, 1979 என மூன்று முறை அரையிறுதி வரை போனோம், அவ்வளவுதான். அந்தக் கோப்பை மலேசியா, இந்தோனேசியா, சீனா, ஜப்பான், டென்மார்க் என்று ஐந்து நாடுகளின் கைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நாடு என்ன செய்தது என்பதைவிட, அந்த இரண்டு சாம்பியன்களும் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னைக் கையெடுக்க வைக்கிறது. படுகோன் 1994இல் பெங்களூருவில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். கோபிசந்த் 2008இல் ஹைதராபாத்தில் தொடங்கினார். அதற்காகச் சொந்த வீட்டையே அடமானம் வைத்தார். தாங்கள் பெற்ற பட்டத்தைச் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கழித்திருக்கலாம். விடியற்காலையில் எழுந்து ஊரார் பிள்ளைகளுக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லக்ஷ்யா சென் முன்னவரின் கூடத்தில் வளர்ந்தவர். கிடாம்பி ஸ்ரீகாந்த், எச்.எஸ். பிரணாய், சாத்விக்சாய்ராஜ், சிராக் ஷெட்டி ஆகியோர் பின்னவரிடம் பட்டை தீட்டப்பட்டவர்கள்.

2022 மே மாதம், பாங்காக்கில் தாமஸ் கோப்பை. காலிறுதியில் மலேசியா. முதல் ஆட்டத்தில் லக்ஷ்யா தோற்றார். சாத்விக்கும் சிராக்கும் வென்றார்கள், ஸ்ரீகாந்த் வென்றார், இரண்டாவது இரட்டையர் ஜோடி தோற்றது. இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டத்துக்கு இறங்கியவர் பிரணாய். மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்துக்காரர். வயது 29. 2017க்குப் பிறகு தனிப்பட்ட முறையில் ஒரு பட்டம்கூடக் கைக்கு வராத மனிதர். இளையவர்கள் முன்னே போய்க்கொண்டிருக்க, கடைசி ஆளாகக் காத்திருந்து ஆடி வென்றார்.

அரையிறுதியில் டென்மார்க்கோடும் அச்சு மாறாமல் அதே கதை. மறுபடி இரண்டுக்கு இரண்டு, மறுபடி பிரணாய். முதல் செட்டிலேயே கால் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவர் அந்த செட்டை 13-21 என்று இழந்தார். பிறகு 21-9, 21-12. கால் வலியோடு ஆடிய ஆட்டம் அது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாவது ஆளின் கஷ்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணிக்கணக்காக ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பு ஆறிவிடக் கூடாது, மனசு கொதித்துவிடக் கூடாது. தன் முறை வரும், வராமலும் போகும். வந்தால் மொத்தப் பாரமும் அவன் தலையில்.

மே 15 அன்று இறுதிப் போட்டி. எதிரே, அதுவரை 14 முறை கோப்பை வென்றிருந்த இந்தோனேசியா. முந்தைய இரண்டு மோதல்களிலும் தோற்ற லக்ஷ்யா, முதல் செட்டை 8-21 என்று கொடுத்துவிட்டு அடுத்த இரண்டையும் பிடித்தார். சாத்விக்கும் சிராக்கும் முதல் செட்டை இழந்து, இரண்டாவதை 23-21 என்று மீட்டு வென்றார்கள். ஸ்ரீகாந்த் நேர் செட்டுகளில் முடித்துவைத்தார். 3-0. 73 ஆண்டுக் கோப்பை வரலாற்றில் ஆறாவது நாடாக இந்தியா பெயர் எழுதியது. அன்று பிரணாய் பேட்டைத் தொடவே இல்லை, தேவைப்படவில்லை. காலிறுதியிலும் அரையிறுதியிலும் தோற்ற கிருஷ்ண பிரசாத், விஷ்ணுவர்தன் ஜோடியின் கழுத்திலும் அதே தங்கம்தான் விழுந்தது. அவர்கள் இடத்தில் நின்று தோற்கவும் அணிக்கு ஆள் வேண்டியிருந்ததே!

நம் வீடுகளைப் பார்க்கிறேன். மூன்று பிள்ளைகள் இருந்தால், படிப்பு நன்றாக வருகிறவனுக்குத்தான் டியூஷன், அவனுக்குத்தான் தனி மேசை. அடுத்தவனைப் பார்த்து, "இவன் அவ்வளவுதான்" என்று பெற்றவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் அந்த அளவோடு நின்றுவிடுகிறான். நாளைக்கு மூத்தவன் வெளிநாட்டில் இருக்கும்போது, தகப்பனுக்கு நெஞ்சுவலி என்றால் ராத்திரியில் தென்காசிக்கு வண்டி பிடிக்கப்போகிறவன் இந்த 'அவ்வளவுதான்' பிள்ளை. குடும்பத்தின் ஐந்தாவது ஆட்டம் அவன் கையில்தான் வந்து நிற்கும். அதற்கு அவனை நாம் தயார் செய்திருக்கிறோமா?

பள்ளிகளிலும் இதேதான். முதல் மதிப்பெண் எடுக்கிற மாணவி எப்படியும் எடுத்துவிடுவாள். ஆசிரியரின் மாலை நேரம் வேண்டியிருப்பது, கடைசி பெஞ்சில் 34க்கும் 35க்கும் இடையே தவிக்கிறவளுக்கு. தொழில் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் சொல்கிறேன், கணக்குப்பிள்ளை ஒருவரை நம்பியே கடை ஓடினால், அவர் படுத்துவிட்ட அன்றைக்குக் கடையும் படுத்துவிடும். பக்கத்தில் நிற்கிற பையனுக்கும் பேரேட்டைக் காட்டிக் கொடுங்கள்.

இப்போது நம் ஊர்ப்பக்கமும் உள்ளரங்குகளில் பிள்ளைகள் ஷட்டில் ஆடுகிறார்கள், காற்றுக்குப் பயமில்லை. பயிற்சி கொடுக்கும் தம்பிமார்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். நன்றாக ஆடுகிறவனோடு நீங்கள் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, அணியில் கடைசியாகப் பெயர் எழுதப்படும் பிள்ளைக்கு இன்று மாலையிலிருந்து ஒதுக்குங்கள்.